டொலறஸின் கரண்டி

டொலறஸ் இங்கிலாந்தில் பார்த்த ஒரே வேலை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறுவது. பன்னிரண்டு வருடம் பார்த்தாள். பிறகு முழங்கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. அவளைப் பற்றிச் சொல்ல வேறு பெரிய சங்கதி இல்லை. பத்திரிகையில் படம் வந்ததில்லை, எவரும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியதுமில்லை. ஆனால் 1992 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அவள் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அவளும் கணவன் கிறிஸ்துநாயகமும் 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இல்ஃபோர்ட்டில் ஒரு மாடி வீட்டில் குடியேறினார்கள். அவருக்குப் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. அவளுக்கு இரண்டு வருடம் கழித்து, ரயில் பாதைக்குப் பக்கத்திலிருந்த ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் இடம் கிடைத்தது. ஆள் குள்ளம், குரல் பெரிது. கையோ குரலையும்விடப் பெரிது. அவள் போட்டுத்தரும் சோற்றை ஒரே இருப்பில் முடித்து எழுந்தவர் இதுவரை இல்லை என்று கிறிஸ்துநாயகம் சொல்வார். அது பெருமையா முறைப்பாடா என்பது அவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

வேலைக்குப் போன முதல் நாளே சமையலறைத் தலைவி மொரீன் அவள் பெயரைச் சுருக்கி, "டாலி, பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்ததும் எங்களுக்கும் சாப்பாடு உண்டு. உனக்குப் போடட்டுமா?" என்று கேட்டாள். டொலறஸுக்குப் பசி குடலைப் பிடுங்கியது. "நோ, தாங்க் யூ" என்றாள். மொரீன் தலையை ஆட்டிவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கதை அத்தோடு முடிந்தது. அடுத்த நாளும் கேட்கவில்லை, அடுத்த மாதமும் கேட்கவில்லை. இந்தச் சனத்துக்கு உபசரிக்கத் தெரியாது என்று டொலறஸ் தீர்மானித்தாள். அன்றிலிருந்து வீட்டிலிருந்து இரண்டு துண்டு பாணும் ஜாமும் கட்டிக்கொண்டு போய், உடுப்பு மாற்றும் அறையில் தனியே இருந்து சாப்பிட்டாள்.

அதே வாரத்தில்தான் அந்த முட்டைக்கோஸ் விவகாரமும் நடந்தது. ஒரு வெள்ளைக்காரப் பையன் முட்டைக்கோஸ் வேண்டாம் என்றான். டொலறஸ் சிரித்துக்கொண்டே இரண்டு கரண்டி அள்ளிப் போட்டாள். பையன் அழுதான். மறுநாள் தாய் வந்தாள், தலைமையாசிரியை வந்தாள், பள்ளியை நடத்தும் கவுன்சிலிலிருந்து ஒரு தாளும் வந்தது. பிள்ளையை ஒரு தரம் மரியாதையாகக் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் அடுத்த பிள்ளையைக் கவனிக்க வேண்டும். டொலறஸ் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாள். அவமானம் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்த விதியை அவளைப்போல் காப்பாற்றியவர் அந்தச் சமையலறையில் எவருமில்லை. கரண்டியைத் தூக்குவாள், ஒரு தரம் கேட்பாள், தலை இடம் வலமாக ஆடினால் கரண்டி அடுத்த தட்டுக்குப் போய்விடும்.

ஐந்து வருடம் அப்படிப் போனது. அந்தக் காலத்தில் வீடில்லாத குடும்பங்களைக் கவுன்சில் ஹோட்டல்களில் வைத்திருந்தது. பெயர்தான் ஹோட்டல். உள்ளே குடும்பத்துக்கு ஓர் அறை, மாடிக்கு ஒரு குளியலறை, சமைக்கக் கண்டிப்பாக அனுமதியில்லை. அந்த அறைகளிலிருந்து வரும் பிள்ளைகள் வகுப்பில் மேசையில் தலைவைத்துத் தூங்குகிறார்கள் என்று ஆசிரியர்கள் கவுன்சிலுக்கு எழுதினார்கள். கவுன்சிலிலும் நெஞ்சில் ஈரமுள்ள சிலர் இருந்திருக்க வேண்டும். இலவசச் சாப்பாட்டுப் பத்திரங்களை ஹோட்டல் ஹோட்டலாகக் கொண்டுபோய், தாய்மாருக்குப் பக்கத்திலிருந்து நிரப்பிக் கொடுக்க ஆட்களை அனுப்பினார்கள். இலவசமாகச் சாப்பிடும் பிள்ளைக்கு வேறு நிற டிக்கெட் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தினார்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் யார் சாப்பாடு இலவசம் என்பது அலுவலகத்துப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பட்டியலில் 1992 தைமாதம் ஏறிய பெயர்களில் ஒன்று கல்யாணி. ஆறு வயது, மெலிந்த பிள்ளை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. முகத்தைப் பார்த்ததுமே நம்முடைய பிள்ளை என்று டொலறஸுக்குத் தெரிந்துவிட்டது. "பிள்ளை, உருளைக்கிழங்கு போடட்டோ?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"வேண்டாம், அன்ரி."

விதி விதிதான். கரண்டி நகர்ந்தது. மறுநாள் மீன் வேண்டாம், அதற்கடுத்த நாள் கோழி வேண்டாம், இனிப்புக் கஸ்ராட்டும் வேண்டாம். மேசையில் ஒரு கூடையில் பாண் துண்டுகள் இருக்கும். அதை எவரும் கேட்டுக் கொடுப்பதில்லை, வேண்டியவர் எடுக்கலாம். கல்யாணி அதில் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரோடு சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். "சமயமாக இருக்கும், டாலி" என்றாள் மொரீன். சைவப் பிள்ளையாக்கும் என்று டொலறஸும் நினைத்தாள். பட்டாணியும் உருளைக்கிழங்கும் எந்தச் சமயத்தில் விலக்கு என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இப்படியே மூன்று வாரம் போனது.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மொரீன் எல்லாரையும் கூப்பிட்டுக் கவுன்சில் கடிதம் ஒன்றை வாசித்தாள். பட்டியலில் இருக்கும் பிள்ளைகளில் பலர் சூடான சாப்பாட்டைத் தொடுவதேயில்லை என்று கணக்கு வந்திருக்கிறது. திங்கட்கிழமை தொடங்கி ஒரு வாரம் மிஸ் பெல்லமி என்ற அதிகாரி வந்து நின்று, எந்தப் பிள்ளை வாங்குகிறது, எந்தப் பிள்ளை மறுக்கிறது என்று குறிப்பாள். மறுப்புக் கூடினால் சூடான சாப்பாடு நிற்கும். ஈஸ்டருக்குப் பிறகு ஆளுக்கொரு கடதாசிப் பையில் சான்ட்விச்தான். நான்கு பேர் வேலைசெய்யும் சமையலறையில் இரண்டு பேர் போதும்.

"ஒழுங்காகச் செய்வோம்" என்றாள் மொரீன். "தாளில் இருக்கிறபடி ஒரு தரம் கேட்போம். அதற்குமேல் கடவுள் விட்ட வழி."

மறுநாள் சனிக்கிழமை, தெரிந்தவர் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். டொலறஸ் தன் நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கிறிஸ்துநாயகத்தோடு போயிருந்தாள். இரண்டு வரிசை தள்ளிக் கல்யாணியும் தாயும் இருந்தார்கள். பொரித்த ரோல்ஸும் பற்றிஸும் அடுக்கிய தட்டோடு வீட்டுக்காரப் பெண் அந்தப் பக்கம் போனாள்.

"எடுங்கோ, பிள்ளை."

கல்யாணி தாயைப் பார்த்தாள். "வேண்டாம், அன்ரி."

"என்ன வேண்டாம்? சும்மா எடுங்கோ."

"இப்பதான் சாப்பிட்டனான், அன்ரி."

"அந்தக் கதை எனக்கு வேண்டாம். எடுக்காட்டி அன்ரி கோவிப்பன்."

கல்யாணி ஒரு ரோலை எடுத்தாள். நான்கே கடியில் அது காணாமல் போனது. விரலில் ஒட்டியிருந்த தூளையும் விடவில்லை. தட்டு திரும்பி வந்தபோதும் அதே வேண்டாம், அதே இப்பதான் சாப்பிட்டனான், கடைசியில் இன்னொரு ரோல். அடுத்த சுற்றில் இரண்டு பற்றிஸ்.

டொலறஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்நிய வீட்டில் சாப்பாடு நீட்டினால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், பறக்காவெட்டிபோல் பாயக் கூடாது. அவளுடைய தாய் அவளுக்கு அப்படித்தான் பழக்கினாள். எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் பழக்கினார்கள். கேட்கிறவள் திரும்பத் திரும்பக் கேட்பாள் என்ற நம்பிக்கையில்தான் அந்த வேண்டாம் நிற்கிறது. அது தெரிந்த ஒருத்தி அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள். அவள்தான் மூன்று வாரமாக, தமிழில், ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டுக் கரண்டியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் கல்யாணியின் தாய் தவநாயகி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது. கணவன் இன்னும் கொழும்பில் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்கள்தானே பள்ளிக்கூடத்திலை சாப்பாடு குடுக்கிறது? பிள்ளை உங்களைக் காட்டினவ."

"ஓம்."

"உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை, அக்கா. அந்த அறையிலை சமைக்க விடமாட்டினம். கேத்தில் மட்டும்தான். இரவிலை பாண், இல்லாட்டி சுடுதண்ணி ஊத்திற நூடில்ஸ். நான் எப்பிடியும் இருப்பன். பிள்ளை மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிடுறன் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறா. அதாலைதான் நான் நித்திரை கொள்ளுறன்."

உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் இன்றிரவு தூங்க மாட்டாள். அம்மா கவலைப்படக் கூடாதென்று ஆறு வயதுப் பிள்ளை கட்டிவைத்த பொய்யும் உடையும்.

"வடிவா, வயிறு முட்டச் சாப்பிடுறா" என்றாள் டொலறஸ். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, தங்கச்சி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழுததை எதிரே இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"இஞ்சருங்கோ, மூண்டு கிழமை. என்ரை கையாலை அந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறன்."

கிறிஸ்துநாயகம் கைக்குட்டையைக் கொடுத்தார். "வேணுமெண்டே செய்தனீர்? திங்கக்கிழமை திரும்பக் கேளும்."

"திங்கக்கிழமை அந்த ஒபீசர் வந்து நிப்பா. ஒருக்காலுக்கு மேலை கேட்டால் விதியை மீறினதெண்டு எழுதுவா. எனக்குத்தான் முதல் வேலை போகும்."

"கேக்காட்டி?"

"பிள்ளை வேண்டாம் எண்டும். அவ அதையும் எழுதுவா. பிறகு பிள்ளைக்கு மத்தியானமும் பாண்தான்."

அவர் கைக்குட்டையை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மெல்ல, "நீரும் அஞ்சு வருசமா அங்கை பாணும் ஜாமும்தானே திண்டுகொண்டிருக்கிறீர்" என்றார்.

"அது வேறை" என்று டொலறஸ் வெடுக்கென்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளால் ஒரு செபமும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. தாயிடம் சொன்ன பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவள் மாதாவிடம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. மிஸ் பெல்லமி இளம்பெண். கையில் அட்டை, அதில் செருகிய பட்டியல், காதில் ஒரு பென்சில். வரிசைக்குப் பக்கத்தில், டொலறஸின் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் நின்றாள். அன்றைக்கு அவண் அடுப்பில் வாட்டிய கோழி, மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி. பிள்ளைகள் வந்தார்கள், வாங்கினார்கள், வேண்டாம் என்றார்கள். மிஸ் பெல்லமியின் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. டொலறஸ் வரிசையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணி வந்து நின்றாள். தட்டை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"கோழி போடட்டோ, பிள்ளை?"

"வேண்டாம், அன்ரி."

மிஸ் பெல்லமி பெயரைத் தேடி 'மறுத்தது' என்ற கட்டத்தில் ஒரு கீறு போட்டாள். டொலறஸின் கை பழக்கத்தில் அடுத்த தட்டுப் பக்கம் திரும்பப் பார்த்தது. அவள் அதைத் திரும்ப விடவில்லை.

"என்ன வேண்டாம்? ஒரு சின்னத் துண்டு."

கல்யாணி நிமிர்ந்து பார்த்தாள். "நான் சாப்பிட்டிட்டன், அன்ரி."

"டாலி" என்றாள் மொரீன் பின்னாலிருந்து, தாழ்ந்த குரலில்.

"அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டதே" என்றாள் மிஸ் பெல்லமி.

டொலறஸ் இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கோழித் துண்டைக் கரண்டியில் எடுத்துப் பிடித்துக்கொண்டாள். வரிசை நின்றுவிட்டது. "நான் விட மாட்டன்" என்றாள். "நீங்கள் சாப்பிடாட்டி அன்ரிக்கு மனம் நோகும். தாங்கோ தட்டை."

கல்யாணி நெஞ்சிலிருந்த தட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

டொலறஸ் கோழி போட்டாள், கிழங்கு போட்டாள், பட்டாணி போட்டாள், குழம்பை ஊற்றினாள். பிள்ளை மேசைக்குப் போய் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் வெறுந்தட்டோடு திரும்ப வந்து, ஒன்றும் கேட்காமல், சற்றுத் தள்ளி நின்றாள். டொலறஸ் மறுபடி மூன்று தரம் கேட்டுப் போட்டாள். கஸ்ராட்டுக்கும் மூன்று தரம்.

வரிசை முடிந்ததும் மிஸ் பெல்லமி அட்டையோடு வந்தாள். டொலறஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள். அவளுடைய இங்கிலிஷ் கடைக்குப் போதும், வாதாடப் போதாது. இருந்ததை வைத்துச் சொன்னாள்.

"எங்களிடத்தில் முதலாவது வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, அம்மா பழக்கியது. மூன்றாம் முறை கேட்டால்தான் வயிறு பதில் சொல்லும். இந்தப் பிள்ளைக்கு ஹோட்டலில் அடுப்பு இல்லை, மிஸ். நான் மூன்று வாரம் ஒரு தரம்தான் கேட்டேன். பிழை என்னுடையது. வேலையை எடுக்கிறதென்றால் எடுங்கள். பிள்ளையின் சாப்பாட்டை எடுக்க வேண்டாம்."

மிஸ் பெல்லமி பட்டியலைப் பார்த்தாள். "இன்றைக்குப் பதினொரு மறுப்புப் போட்டிருக்கிறேன். இதில் எத்தனை மரியாதைக்குச் சொன்னது?"

"எனக்கெப்படித் தெரியும்? திரும்பக் கேட்டால்தானே தெரியும். முட்டைக்கோஸ் வேண்டாம் என்று அழுகிற பிள்ளைக்கு வேண்டாம்தான். முகத்தைப் பார்த்தால் தெரியும்."

மிஸ் பெல்லமி பென்சிலைத் திருப்பி, அதன் நுனியிலிருந்த ரப்பரால் கல்யாணியின் கட்டத்தை அழித்துத் திருத்தினாள். செவ்வாயிலிருந்து டொலறஸின் பக்கத்தில் நின்று, "இந்தப் பிள்ளையை இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள்" என்று அவளே சொல்லத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை மறுப்புக் கட்டத்தில் மூன்றே கீறு இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் சட்டிகளைக் கழுவும்போது டொலறஸ் திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தாள். மொரீன் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"டாலி, உன் முதல் நாள் நான் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்."

"ஓம்... யெஸ்."

"எங்கள் சாப்பாடு உனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட்டேன். ஐந்து வருடம், டாலி." மொரீனின் முகம் சிவந்துவிட்டது. மிச்சமிருந்த கோழியை ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினாள். டொலறஸின் வாயிலிருந்து "நோ, தாங்க் யூ" தானாக வந்தது. மொரீன் அசையாமல் நின்று இரண்டாம் முறை கேட்டாள், மூன்றாம் முறையும் கேட்டாள். கோழி ஆறிப்போயிருந்தது, உப்பும் போதாது. டொலறஸ் கண்ணைத் துடைத்துத் துடைத்து அதை முழுவதும் சாப்பிட்டாள்.

ஈஸ்டருக்குப் பிறகும் சூடான சாப்பாடு தொடர்ந்தது. கவுன்சிலின் விதித்தாளில் ஒரு வரி கூடியது: தேவைப்பட்டால் பிள்ளையை இன்னொரு முறை அன்போடு கேட்கலாம். கவுன்சில் இரண்டோடு நின்றுவிட்டதே என்று டொலறஸுக்குக் குறைதான். மூன்றாவதை அவள் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள்.

கல்யாணியின் கன்னம் ஆனிமாதத்துக்குள் உப்பிவிட்டது. அதற்குள் கவுன்சில் அவர்களுக்கு இரண்டு அறை ஃப்ளாட் ஒன்றும் ஒதுக்கியது. அடுத்த தவணை வேறு பள்ளிக்கூடம். கடைசி நாள் வரிசையில் அவள் வந்து நின்றாள்.

"கோழி போடட்டோ, பிள்ளை?"

"யெஸ், ப்ளீஸ்."

முதல் கேள்விக்கே. டொலறஸுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் ஒரு சின்ன வலியும் வந்தது. கல்யாணி தட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள். உள்ளே நாலு ரோல்ஸ். ஒரு பக்கம் கருகியிருந்தது, ஒன்றில் மடிப்பு வெடித்திருந்தது.

"அம்மா செய்தவ, அன்ரி. புது வீட்டு அடுப்பிலை முதல் முதல் செய்தது. உங்களுக்குக் குடுக்கச் சொன்னவ. எடுங்கோ."

"ஐயோ, எனக்கு வேண்டாம், பிள்ளை. நீங்கள் சாப்பிடுங்கோ."

"ஓகே" என்றாள் கல்யாணி. மூடியை எடுத்துப் பெட்டியை மூடத் தொடங்கினாள்.

டொலறஸுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் கரண்டியைக் கிழங்குச் சட்டிக்குள் அப்படியே போட்டுவிட்டு, மேசைக்கு மேலால் எட்டி அந்தச் சின்னக் கையைப் பிடித்தாள்.

"இஞ்சை கொண்டாங்கோ, ராசாத்தி. நான் சும்மா சொன்னனான்."

பின்னால் முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவள் அங்கேயே, நின்றபடி, கருகிய பக்கத்தோடு ஒரு ரோலை முழுவதும் சாப்பிட்டாள். கல்யாணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள், டொலறஸ் சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைத் திரும்பவும் நீட்டினாள். இம்முறை டொலறஸ் முதல் தரமே ஓம் என்றாள்.